கத்திரியில் திறந்த சன்னல்

அந்தக் கத்திரி வெயிலில் முதலில் செத்தது பூச்சி.

வீட்டில் இருந்த மூன்று நாய்களில் அதுதான் சின்னது. காலையில் ஊற்றிய கஞ்சியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உச்சிப்பொழுதில், சங்கிலி போகிற தூரம்வரை இழுத்துக்கொண்டு போய், வாசல் தகரக் கதவின் அடியில் இருந்த இடுக்கில் மூக்கை நுழைத்துப் படுத்தது. அந்த வீட்டுக்குள் வெளிக்காற்று வர இருந்த வழி அது ஒன்றுதான். ஜெயசித்ரா தண்ணீர்ச் சட்டியோடு வந்து பார்த்தபோது நாக்கு சிமெண்டுத் தரையில் ஒட்டிக் காய்ந்திருந்தது. கண்ணில் எறும்பு ஏறிவிட்டது.

அவள் புருஷன் ஆண்டவர் வந்து பார்த்தார். நாயைச் சாக்கில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். செம்மண் பூமி வெயிலில் இறுகிக் கிடந்தது. கடப்பாரையால் குத்திக் குத்தி, மண்ணைக் கையால் அள்ளிப் போட்டார். மண்வெட்டி சுவரோரம் சாய்ந்துதான் நின்றது. ஜெயிலிலிருந்து வந்த நாளாக அவர் அதைத் தொட்டதில்லை.

அவர் கொலை செய்தவர். உடையார்பாளையத்துக்குக் கிழக்கே உள்ள அந்தச் சிற்றூரில் இது தெரியாதவர் கிடையாது. ஆனால் நாற்பது வயதுவரைக்கும் அவரை யாரும் சண்டைக்காரர் என்று சொன்னதில்லை. கொஞ்சம் முந்திரிக் கொல்லை, மழை பார்த்துக் கடலை, ஒரு ஜோடி மாடு என்று பிழைத்தவர். பக்கத்துக் கொல்லை அவருடைய சித்தப்பா மகன் சாமிக்கண்ணுவுடையது. பங்காளிகள் இருவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தவர்கள். எல்லையில் நின்ற ஒரு முந்திரி மரம் யாருக்கு என்பதில் பேச்சுத் தடித்தது. ஒருநாள் சாமிக்கண்ணு ஆள் வைத்து மரத்தைச் சாய்த்துவிட்டான். வரப்பு அணைத்துக்கொண்டிருந்த ஆண்டவர் கேட்கப் போனார். சாமிக்கண்ணு, செத்துப்போன அவருடைய தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். கையில் மண்வெட்டி இருந்தது. முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. விழுந்தவனை இரண்டாவது தடவை ஏன் வெட்டினோம் என்று ஆண்டவருக்கு இன்றுவரை தெரியாது. கோர்ட்டில் கேட்டார்கள். அங்கேயும் அவரால் சொல்ல முடியவில்லை.

திருச்சி ஜெயிலில் ஏழு வருஷம் இருந்தார். மாட்டை விற்று வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு, ஜெயசித்ரா அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு முந்திரி பொறுக்கிப் பிழைத்தாள். சாமிக்கண்ணுவின் மனைவி கலியம்மாள், பிணம் எடுத்த அன்று தன் ஒரே மகன் பரணிதரனைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, அந்தப் பாவியின் சாவு இவன் கையில்தான் என்று சொன்னாளாம். அப்போது அவனுக்கு மீசை அரும்பவில்லை. ஆண்டவர் விடுதலையாகி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ரோட்டோரம் சிமெண்ட் லாரிக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று இவரையே பார்த்தான். தோளும் நின்ற நிலையும் அப்படியே சாமிக்கண்ணு.

அந்த வாரமே ஆண்டவர் வீட்டை அடைத்தார். மூன்று சன்னல்களையும் சட்டத்தோடு பெயர்த்துக் கோழிக்கூண்டுக்குப் போட்டுவிட்டு, ஓட்டையில் செங்கல் வைத்துப் பூசினார். கம்பியை அறுக்கலாம், செங்கல்லை அறுக்க முடியாது என்பது அவர் எண்ணம். வாசல் கிராதிக் கதவுக்குத் தகரம் அடித்தார். மூன்று நாய்களைக் கொண்டுவந்து வராந்தாவில் கட்டினார். செவலையும் பூச்சியும் குரைப்பதற்கு. கருவாயன் வேறு வேலைக்கு. கன்றுக்குட்டி உயரம் இருந்த அதற்கு முன்னால், பழைய சட்டையைக் கம்பில் சுற்றி ஆள் தோள் உயரத்தில் ஆட்டி, "பிடி" என்பார். தொங்கிக்கொண்டு பிடித்தால் கறித்துண்டு. அப்படியே பழகிவிட்டது. கட்டில் எப்போதும் மூலைச் சுவரை ஒட்டியே கிடந்தது. தலைமாட்டில் அரிவாள். அப்படியே நான்கு வருஷம் ஓடியது.

ஜெயசித்ரா மூச்சு முட்டுகிறது என்று ஒருமுறை சொன்னாள். செவிட்டில் அறைந்தார். பிறகு அவள் சொல்லவில்லை.

பூச்சியைப் புதைத்துவிட்டு அவர் உள்ளே வந்தபோது, அவள் குழி தோண்டிய கடப்பாரையை எடுத்து வந்து அறைச் சுவரில் ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தாள். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. ஆண்டவர் பின்னாலிருந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. அவள் கடப்பாரையை விடவில்லை.

"அடிங்க. அடிச்சிட்டு வந்து இடிங்க" என்றாள். "திருச்சில உங்கள அடைச்சு வச்சிருந்த ரூமுக்குக்கூட ஒரு சன்னல் இருந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. இந்த வூட்ல எனக்கு என்ன இருக்கு? அந்த வாயில்லாததுக்கு என்ன இருக்கு?"

ஆண்டவர் வராந்தாவைப் பார்த்தார். கருவாயன் நான்கு காலையும் பரப்பிக் கிடந்தது. விலா எலும்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வாயோரம் நுரை. இவரைப் பார்த்தால் எழுந்து நிற்கிற நாய், வாலை மட்டும் ஒரு தடவை தரையில் தட்டியது.

அவளிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கினார். தன்னைத்தான் அடிக்கப் போகிறார் என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் சுவரை அடித்தார். வைத்த ஒவ்வொரு கல்லையும் வெட்டிக் கொல்லுகிறவர்போல அடித்தார். கல் ஒன்று தெறித்துக் கால்நகத்தைப் பெயர்த்தது. அதையும் பார்க்கவில்லை. ஓட்டை விழுந்து வெளிச்சம் உள்ளே கொட்டியபோது இருவருமே கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். வந்த காற்றும் அனல்தான். ஆனாலும் காற்று.

அதற்குப் பிறகு வீட்டை அவள் எடுத்துக்கொண்டாள். ஜெயங்கொண்டம் போய் வெட்டிவேர்த் தட்டி ஒன்று வாங்கி வந்து, அந்த ஓட்டைக்கு நேராகத் தொங்கவிட்டு, வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்தாள். மொட்டைமாடியில் ஏறிச் சுண்ணாம்பு பூசினாள். மீந்த சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலக்கிச் சன்னலைச் சுற்றிப் பட்டையாக அடித்தாள். தரையில் கிடந்த பிளாஸ்டிக் விரிப்பை உரித்து எறிந்தாள். பழைய நூல் சேலையைக் கிழித்து அறைவாசலுக்குத் திரை போட்டாள். சன்னலுக்குக் கீழே மணல் கொட்டி நனைத்து, பக்கத்தில் ஒரு மண்தொட்டியில் தண்ணீர் வைத்து, நாய்களை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்து விட்டாள். செவலை மணலைப் பறித்து வயிறு படியப் படுத்துக் கண்ணை மூடியது. கருவாயன் தொட்டியில் காலை வைத்துக்கொண்டே குடித்தது.

ஆண்டவர் முதலில் எல்லாவற்றையும் முறைத்துக்கொண்டு திரிந்தார். புதுச் சன்னல் செய்து கம்பி போடும்வரைக்கும் அரிவாளோடு எதிரில் உட்கார்ந்திருப்பேன் என்றார். தச்சர் கல்யாண வேலையில் இருந்தார், இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் வெட்டிவேர் வாசனை அவரை ஏதோ செய்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் தானே கட்டிலை இழுத்துச் சன்னலோரம் போட்டார். அரிவாள் மூலையிலேயே கிடந்தது. வருஷக்கணக்காகத் தூங்காத தூக்கத்தை அங்கே தூங்கினார்.

ஊருக்குள் அது பேச்சாகிவிட்டது. ஆண்டவர் வீட்டில் சன்னல் வைத்து நீலம் அடித்து வெட்டிவேர் கட்டியாச்சு, மனுஷன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார் என்று பரணிதரனின் கூட்டாளிகள் டாஸ்மாக் வாசலில் வைத்து அவனிடம் சொன்னார்கள். உன் அப்பன் மண்ணில் கிடக்கிறான், உன் பெரியப்பனுக்குக் குளுகுளு ரூம் என்று ஒருவன் சிரித்தான். பரணிதரன் அவனை அடித்தான். பிறகு குடித்தான். பிறகு எழுந்து போனான்.

தெருவில் காக்கைகூட இல்லாத உச்சி நேரம். தட்டியைக் கிழித்துக்கொண்டு அரிவாள் உள்ளே வந்தது.

ஆண்டவர் கண் விழித்ததும் இடக்கையைத் தூக்கியதும் ஒன்றாக நடந்தது. கழுத்துக்கு வந்தது கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. அவர் உருண்டு கட்டிலிலிருந்து கீழே விழுந்தார். பரணிதரன் ஓட்டையில் காலை வைத்து உள்ளே குதித்து மறுபடி ஓங்கினான். அது தோள்பட்டையில் இறங்கியது. மூன்றாவது தடவை ஓங்கிய கை இறங்கவில்லை. மணலிலிருந்து எழும்பிய கருவாயன் அவன் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் வாயை வைத்துத் தொங்கியது. அரிவாள் தெறித்துப் போய் விழுந்தது. அவன் நாயோடு சாய்ந்தான், நாய் மேலே, அவன் கீழே. செவலை குரைத்துக்கொண்டே சுற்றியது.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த ஜெயசித்ரா நாயின் பின்னங்காலைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்புக்குச் சதைதான் கிழிந்தது. தொட்டித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினாள். நாய் கண்ணை மட்டும் மூடித் திறந்தது.

"விடுறா. கருவாயா, விடுறா" என்று ஆண்டவர் கத்தினார். பிடி என்கிற சொல்லை மட்டும்தான் அதற்குப் பழக்கியிருந்தார். விடு என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது.

பரணிதரனின் போதை இறங்கிவிட்டது. வாயில் ரத்தமும் மணலுமாக, அவரைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"பெரியப்பா" என்றான். "புடிங்க பெரியப்பா."

பிடி என்கிற அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாய் இன்னும் இறுக்கியது.

ஆண்டவர் எழுந்து சுவரில் சாய்ந்து நின்றார். சும்மா நின்றாலே போதும் என்று அவருக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் எல்லாம் முடிந்துவிடும், இனிமேல் யாரும் வரப் போவதில்லை, நாய் செய்ததற்கு மனுஷனை யார் என்ன கேட்க முடியும். ஜெயசித்ரா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் என்ன நினைக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. நாயின் வாய்க்குள் தன் விரலைக் கொடுத்து நெம்ப ஆரம்பித்தாள்.

சன்னல் இடித்த கடப்பாரை அங்கேயே சாத்தியிருந்தது. ஆண்டவர் ஒற்றைக் கையால் அதைத் தூக்கினார். முதல் அடி முதுகில் விழுந்தது. நாய் விடாமல் அவரை நிமிர்ந்து பார்த்தது. அடுத்த அடி தலையில். மண்டை உடைகிற சத்தம் கேட்டது. வாய் தளர்ந்தது. பின்னும் ஓங்கினார். "போதுங்க, விட்ருச்சு" என்று ஜெயசித்ரா சொன்ன பிறகுதான் கை இறங்கியது. கருவாயன் நனைந்த மணலில் கொஞ்ச நேரம் காலை உதைத்துக்கொண்டு அடங்கியது. ஆண்டவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். சாமிக்கண்ணுவுக்குக்கூட அவர் அப்படி அழுததில்லை.

ஜெயசித்ரா திரைச் சேலையை உருவி, முதலில் பரணிதரனின் கழுத்தை இறுக்கிக் கட்டினாள். பிறகு புருஷனின் கையை. ஒரே ஆம்புலன்ஸில் இருவரையும் அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள்.

போலீஸ் வந்து கேட்டபோது ஆண்டவர், முந்திரிக் கிளைகளைக் கவாத்து செய்யும்போது தானே வெட்டிக்கொண்டதாகவும், பார்க்க வந்த பையனை நாய் கடித்துவிட்டதாகவும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிறுத்திவிட்டு ஜெயசித்ராவைப் பார்த்தார். அவள் விரல்களில் கட்டு போட்டிருந்தது.

"அவரு சொல்றத எழுதாதீங்க சார்" என்றாள். "அரிவாளோட வந்தான், வெட்டுனான். அத அப்படியே எழுதுங்க. எனக்கு அவன்மேல கோவம்லாம் இல்ல. மறைச்சா நாளைக்குத் திரும்ப வருவான். பொணம் கழுவ நான்தான் இருக்கேன்."

அன்று சாயங்காலம் ஆண்டவர் கட்டுப் போட்ட கையோடு அடுத்த வார்டுக்குப் போனார். கட்டிலில் பரணிதரன் கழுத்து முழுக்கத் துணியோடு கிடந்தான். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். தரையில் கலியம்மாள். பதினொரு வருஷத்தில் அவள் எதிரில் ஆண்டவர் நின்றது அதுதான் முதல் தடவை. என்ன பேசுவதென்று வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அந்த நாய நான் அடிச்சுக் கொன்னுட்டேன், கலியம்மா" என்றார்.

கலியம்மாள் தலையைத் தூக்கவில்லை. "நாயத்தான கொன்ன" என்றாள்.

அவர் தன் வார்டுக்குத் திரும்பி வந்தார்.

பரணிதரன் குணமானதும் ரிமாண்டில் வைத்தார்கள். ஜாமீனில் வந்து பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மில்லில் சேர்ந்தான். பழையபடி லாரி வேலைக்குப் போகக் கழுத்து திரும்பவில்லை. ஆண்டவரின் இரண்டு விரல்களையும் தைத்துப் பார்த்தார்கள், ஒன்று நின்றது, ஒன்று கறுத்துப் போனதால் எடுத்துவிட்டார்கள். ஜெயசித்ராவை அவர் அதற்குப் பிறகு கைநீட்டி அடித்ததில்லை. அவளும் அதை ஒரு பெரிய விஷயமாகப் பேசியதில்லை. சாட்சி சொல்ல வரவேண்டாம் என்று அவர் கேட்டுப் பார்த்தார். வருவேன் என்றுவிட்டாள்.

வழக்கு ஜெயங்கொண்டம் கோர்ட்டுக்கு வந்தபோது ஐப்பசி பிறந்து மழை பிடித்திருந்தது. வெளியே இருந்த தகரப் பந்தலுக்கடியில் எல்லாரும் நெருக்கி நின்றார்கள். நெருக்கியதில் பரணிதரன் ஆண்டவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி அவரைப் பார்த்தான். வடு காதுக்குக் கீழே தொடங்கிச் சட்டைக்குள் இறங்கியது.

"அந்த நாய் என்னய எப்பவாச்சும் முன்னாடி பாத்திருக்கா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றார் ஆண்டவர். "ஒரு பழைய சட்டையக் கம்புல சுத்தி ஆள் உசரத்துக்கு ஆட்டிக் காட்டுவேன். உன்னயத்தான் நெனச்சுக்கிட்டுப் பழக்குனேன்."

பரணிதரன் அவரை விட்டு நகரவில்லை. கலியம்மாள் நனைந்துகொண்டே வந்து, மகனின் கையைப் பிடித்து இழுத்து, பந்தலின் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டாள்.