தம்பி பாடும் இடம்

பேராசிரியர் ஐலா காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் மொன்றியலில் அக்காடி மெத்ரோ ரயில் நிலையப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள்தான் தொலைபேசியில் சொன்னார். கத்தரிக்காய்ப் பையுடன் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐலா அம்மையார் பின்லாந்துக்காரர். நாட்டார் பாடல்களிலும் தொன்மங்களிலும் வரும் நீர்த் தெய்வங்களை ஆய்வு செய்தவர். மொன்றியலுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை இங்கேயே கற்பித்தார். கடற்பாடல்களைத் தேடித் தேடி ஒருநாள் இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களிடமும் வந்து சேர்ந்தார். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதித்தர ஒருவர் தேவைப்பட்டார். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்த எனக்கு அது வாய்த்தது.

முதல் பதிவு நகரின் லாசால் பகுதியில், செபஸ்தியான் அண்ணையின் வீட்டில். மட்டக்களப்பில் கரைவலை இழுத்தவர். இங்கே புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். வலை இழுக்கும்போது ஒருவர் பாட மற்றவர் பதில் பாடும் அம்பாப் பாட்டை அன்று பாடினார். ஒரு வரி பாடிவிட்டு நிறுத்தினார்.

"இதில என்ட தம்பிதான் பாடுவான். கொஞ்சம் பொறுங்க."

தம்பி கடலோடு போய்ப் பல வருடங்கள். ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் தம்பிக்காகப் பொறுத்துப் பொறுத்துத்தான் பாடி முடித்தார்.

நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா? அந்தப் பேச்சையும் நிறுத்தங்களையும் தூக்கிவிட்டு, பாட்டை மட்டும் அழகாக எழுதிக் கொடுத்தேன். ஐலாவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் பதிவைக் கேட்டபடி என் தாளில் விரலை நகர்த்திக்கொண்டே போனார். விரல் நின்றது.

"இங்கே ஏதோ சொல்கிறார். பிறகு பேசாமல் இருக்கிறார். அது எங்கே?"

"அது பாட்டில்லை," என்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் கோபிக்கவில்லை. தன் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஒரு முதியவர் மறந்து மறந்து பாடியதை, வேறு பாடல்களைக் கொண்டு நிரப்பி முழுமையாக்கினாராம். எல்லோரும் மெச்சினார்கள், பதவியும் வந்தது. "அவர் ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்கவேயில்லை. இப்போது கேட்க அவர் இல்லை," என்றார். பின்னர், அந்த ஆய்விலிருந்து வந்த தன் முதல் நூல் பிழை என்று தானே கட்டுரை எழுதி வெளியிட்டார். பெயர் எடுத்தபின் அப்படி எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

பேச்சையும் நிறுத்தங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். அந்த வேலையில்தான் இந்த நகரத்தில் காலூன்றினேன். நன்றி சொன்னால், "செபஸ்தியானுக்குச் சொல்லுங்கள்," என்பார்.

ஐலாவின் நினைவுக்கூட்டத்தில் செபஸ்தியான் அண்ணையின் அந்தப் பதிவைப் போட விரும்பினார்கள். நேரம் போதாது, சத்தமில்லாத இடங்களைக் குறைக்கலாமா என்று ஒழுங்குசெய்தவர் கேட்டார். வெட்டுவதென்றால் தரமாட்டேன் என்றேன்.

பாட்டு ஒலித்தது. முதல் வரி முடிந்து, "கொஞ்சம் பொறுங்க" வந்தது. மண்டபமே பொறுத்திருந்தது. என் பக்கத்தில் இருந்த செபஸ்தியான் அண்ணை, இத்தனை வருடமும் வாயில் எடுக்காத தம்பியின் வரியை மெல்லப் பாடினார். அவர் முடிக்கவும், பதிவில் அடுத்த வரி தொடங்கியது.

போய் வாருங்கள், ஐலா அம்மா. நீங்கள் விட்டுவைத்த இடம் தம்பியின் வரிக்கு அளவாக இருந்தது.