எம்மாவின் பின்னல்

ஏலக் கடைக்கு வரும் எந்தப் பொருளும் நல்ல செய்தியோடு வருவதில்லை. யாராவது செத்திருப்பார்கள், அல்லது வீடு இடிபடப் போகிறது, அல்லது கனடாவில் இருக்கும் பிள்ளைகள் போனிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடச் சொல்லியிருப்பார்கள். பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய பங்களாக்கள் அப்பார்ட்மென்ட் ஆகும்போது வெளியே வருகிற ஐரோப்பியச் சாமான்கள் எங்களிடம் வந்து சேரும். பிரெஞ்சு எனாமல் டப்பிகள், பொஹீமியக் கண்ணாடி ஜாடிகள், வெண்கலப் பெண் சாய்ந்து படுத்திருக்கும் கடிகாரங்கள், விக்டோரியா காலத்து நகைகள். அவற்றுக்கு விவரக் குறிப்பு எழுதுவதும், ஏலத்துக்கு முந்தைய பார்வை நாட்களில் அலமாரிக்குப் பின்னால் நின்று எடுத்துக் காட்டுவதும் என் வேலை. துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுன்டருக்குப் பின்னால் நின்று சம்பாதிக்கிற யாரும் இதைப் படித்தால், கால்வலி தனக்கு மட்டும் இல்லை என்று ஆறுதல் அடையலாம். அதற்கு மேல் இதில் ஆறுதல் இல்லை.

உள்ளே இருப்பது

துக்க நகை என்று ஒரு வகை உண்டு. வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில், வீட்டில் யாராவது இறந்தால் அவருடைய தலைமுடியில் கொஞ்சம் வெட்டியெடுத்து, மெல்லிசாகப் பின்னி, கண்ணாடிக்கு அடியில் பதித்து, உடையில் குத்திக்கொள்ளும் புரூச்சாகவோ லாக்கெட்டாகவோ செய்து அணிந்துகொண்டார்கள். சுற்றிலும் கறுப்பு எனாமல், தங்க விளிம்பு, சிலவற்றில் கண்ணீர்த் துளி மாதிரி முத்துகள். பின்பக்கம் பெயர். முடி கலையாமல் இருந்தால்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. நம் ஊரில் அப்படிக் கிடைப்பது அரிது. வாங்கியவர்கள் முதல் வேலையாக ஆசாரியிடம் கொடுத்து முடியை எடுத்தெறிந்துவிட்டு, அந்த இடத்தில் திருப்பதி பெருமாளையோ வேளாங்கண்ணி மாதாவையோ வைத்துவிடுவார்கள்.

ஒரு பார்வை நாளில் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அம்மா, பெண், பெண்ணின் சித்தி. பெண் ஒரு புரூச்சைச் சேலைத் தலைப்பில் வைத்துப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டாள். "உள்ள என்ன சார், பட்டு நூலா?" என்றார் அம்மா. சொன்னேன். பெண்ணின் கையிலிருந்து அது அலமாரி மேல் விழுந்தது. நல்லவேளை, கீறல் இல்லை. மூன்று பேரும் சானிடைசர் புட்டியை மாற்றி மாற்றி வாங்கிக் கைகளைத் தேய்த்துக்கொண்டு வெளியேறினார்கள். சித்தி மட்டும் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணா, டிசைன் நல்லாத்தான் இருக்கு. ஹேரை எடுத்துட்டு, ஒரு வாட்டி கொதிக்க வச்சுக் குடுப்பீங்களா?"

வாங்குகிறவர்

இந்த நகைகளை முடியோடு விரும்பி வாங்கியவர் எங்களிடம் ஒருவர்தான். மல்லேஸ்வரம் சேஷாத்ரி. அரசாங்கத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மைசூர் மகாராஜா காலத்தில் உத்தியோகத்துக்காக வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். ஏலத்தில் அவர் நம்பர் அட்டையை மார்புக்கு மேல் உயர்த்தியதில்லை. உயர்த்த வேண்டிய அவசியமும் இல்லை, போட்டிக்கு ஆள் இருக்காது. ஏன் இதை மட்டும் வாங்குகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மத்த நகையெல்லாம் யார் போட்டுண்டான்னே தெரியாது. இதுல ஆள் இருக்கா, பிரகாசம்" என்றார்.

அவர் மனைவி வசந்தா உள்ளே வர மாட்டார். காரிலேயே உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் இல்லாத வீடு; அவர் எங்கே போனாலும் இவரும் கூட வருவார், ஆனால் எங்கள் வாசலோடு சரி. வெயில் ஏறினால் நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் கார்க் கண்ணாடியை இறக்கி டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்: "இன்னிக்கு எவளைக் கூட்டிண்டு வரப்போறார்?"

சின்னவள்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் வீட்டைக் காலி செய்தபோது எம்மா வந்தாள். நீள்வட்டமான புரூச். பழுப்பு முடி, பின்னலின் நுனியில் கடுகளவு ஒரு முடிச்சு. பின்பக்கம் எம்மா என்ற பெயரும் இருபத்திரண்டு என்ற வயதும். அவள் யார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முன்பு அங்கே குடியிருந்த வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன மேஜைக்குள் கிடந்ததாம். சேஷாத்ரி வாங்கினார். கண்ணாடி லேசாக ஆடியதால் சரி செய்து, நானே மல்லேஸ்வரத்துக்குக் கொண்டுபோனேன்.

அவர் வெளியே போயிருந்தார். வசந்தா கதவைத் திறந்தார். சேகரிப்பு முழுவதும் வீட்டின் பின்பக்கம் ஒரு அறையில் இருந்தது. அதற்குள் போய்வந்தால் குளித்த பிறகுதான் சமையலறைப் பக்கம் வரலாம் என்பது அந்த வீட்டின் சட்டம். எனக்கும் அது தெரியும் என்பதால் பெட்டியைத் தரையில் வைக்கக் குனிந்தேன். கையிலேயே கொடுங்கோ என்றார். திறந்து, கொஞ்ச நேரம் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்பக்கம் திருப்பி வயதைப் படித்தார். "அந்த ரூம்ல இருக்கறதெல்லாம் கிழவிகள். இவ சின்னவ. என் பீரோல இருக்கட்டும், அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

கோத்திரம்

அடுத்த வருடம் வசந்தாவுக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டோம். சேஷாத்ரி ஏலத்துக்கு வருவது நின்றுபோனது. பிறகு ஒருநாள் காலை இரண்டு சூட்கேஸ்களோடு வந்தார். எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும் என்றார். மேஜையில் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மோதிரங்கள், லாக்கெட்டுகள், எம்மா. கண்ணாடிகள் பளிச்சென்று இருந்தன. அடியில் ஒன்றுமே இல்லை.

வீட்டில் கரையேறாத பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒரு ஜோசியர் சொல்லியிருக்கிறார். அதிலும் ஒருத்தி மனைவியின் தலைமாட்டு பீரோவிலேயே இருந்தது இவருக்கு உறைத்திருக்கிறது. முடியைக் குப்பையில் போட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் எடுத்து ஒரு கலசத்தில் சேர்த்து, ஸ்ரீரங்கப்பட்டணம் போய், காவிரிக் கரையில் புரோகிதரை வைத்துப் பிண்டம் போட்டு, முறையாகக் கரைத்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய சேதம் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, 'முடி அகற்றப்பட்டது' என்று குறிப்பில் எழுத வேண்டியிருக்கும், விலை வராது என்று மட்டும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வசந்தா அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அப்படியே முழுசாக உங்களிடம் கொடுத்துவிட்டதாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்றார். பிறகு, ஏதோ நல்லபடியாக நடந்த கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்: "பேர்தான் பின்னாடி பொறிச்சிருக்கே, ஒண்ணொண்ணா வாசிச்சேன். எலிசபெத், ஹேரியட், எம்மா. கோத்திரம் தெரியலேன்னா காசியப கோத்திரம்னு சொல்லலாமாம்."

விதிமுறை

பார்வை நாளன்று வசந்தா ஆட்டோவில் தனியாக வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறார் என்பது மணிக்கட்டில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்ததும் தெரிந்தது. தலையில் துணி கட்டியிருந்தார். புருவமும் இல்லை. அவர் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி போட்டேன். எம்மாவை ஏலத்தில் தனக்காக எடுத்துத்தர வேண்டும் என்றார். கணவருக்குத் தெரியக் கூடாது.

எங்களிடம் ஒரு விதி உண்டு. விற்கிற வீட்டாரே தங்கள் பொருளுக்கு ஏலம் கேட்கக் கூடாது. விலையைப் பொய்யாக ஏற்றிவிடுவார்கள் என்பதற்காக வைத்தது. அதை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். விதி இருப்பதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது, அலமாரியைத் திறக்காமல் தப்பித்துவிடலாமே என்று. அவர் விடவில்லை. "வாங்க வேண்டாம்னா சரி. ஒரு தரம் பார்த்துட்டுப் போறேன்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணாடியில் ஏதோ புகை படிந்திருக்கிறது என்று நினைத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் என்று நான் ஆரம்பித்ததுமே புரிந்துகொண்டார்.

"என்னோடதுதான் நிக்கலை" என்றார். "எப்பவோ செத்தவளோடது இத்தனை வருஷம் நின்னிருக்கேன்னு தெனம் எடுத்துப் பார்த்துண்டிருந்தேன்." புரூச்சை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, எழுந்துகொள்ளக் கையை நீட்டினார். ஆட்டோ வரைக்கும் பிடித்துக்கொண்டு போனேன். ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்: "நான் வந்தேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்கோ. எனக்காகப் பண்ணியிருக்கார், பாவம்."

சுத்தியல்

ஏலம் மளமளவென்று முடிந்தது. வெற்று நகைகளுக்குச் சேகரிப்பவர்கள் யாரும் கையைத் தூக்கவில்லை. பெரும்பாலானவற்றை ஆடுகோடிப் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கும் சலீம் எடுத்தார். எம்மாவையும் அவர்தான். பணம் கட்டும்போது சந்தோஷமாக இருந்தார். "இப்படிக் காலியா வந்தாத்தான் சார் நமக்கு வசதி. முடியோட வந்தா பட்டறைல ஒருத்தனும் தொட மாட்டேங்கிறான்."

சேஷாத்ரி கடைசி வரிசையில் அட்டை வாங்காமல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் அவர் தோள்கள் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்தேன். எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னைத் தொட்டது கிடையாது. வசந்தா வந்துபோனதைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "எல்லாரும் போயாச்சு, பிரகாசம். இனிமே அவளுக்குச் சரியாயிடும்."

விசாரணை

மழைக்காலத்தில் வசந்தா இறந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஏலமோ பார்வையோ இல்லாத ஒரு பிற்பகலில் சேஷாத்ரி கடைக்கு வந்தார். புதிதாக வந்திருந்த ஒரு பீங்கான் தட்டுக்கு நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்தார். காப்பி வரவழைத்தேன், தொடவில்லை. அஸ்தி கரைக்கப் போனபோது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அதே புரோகிதர்தான் என்றார். ஆளை ஞாபகம் வைத்துக்கொண்டு, இந்த முறையாவது கோத்திரம் தெரியும்தானே என்று கன்னடத்தில் கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

வீடு முழுக்கத் தேடிவிட்டாராம். சீப்பு, தலையணை உறை, ஸ்வெட்டர், ரவிக்கைக் கொக்கி. ஆள் வைத்துக் கவனித்ததால் எல்லாம் சுத்தமாகத் துடைத்துத் துவைத்து வைத்திருந்தது. பீரோவில் எம்மா இருந்த இடத்தையும் பார்த்தேன், அங்கே அந்துருண்டைதான் இருந்தது என்றார். கொஞ்ச நேரம் என் மேஜையில் இருந்த பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி வைத்தார். இத்தனை வருடமாக இந்த நகைகளைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் படித்தவர் அவர் ஒருவர்தான். ஒரு வாடிக்கையாளராகச் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார்: "முடியெல்லாம் கொட்டிப்போய் செத்தவாளுக்கு, அந்தக் காலத்துல வெள்ளைக்காரா என்ன வச்சுண்டா?"

ஏலத்துக்குக் கொண்டுவந்தால் எதற்கும் ஒரு விலை கிடைத்துவிடும் என்று எங்களிடம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறோம், கொண்டுவருவதற்கு ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.