டிரம்ஸ் இல்லாத ஞாயிறு

எங்கள் சபையில் டிரம்ஸ் ஒரு கூண்டுக்குள் இருக்கிறது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் தடித்த பிளாஸ்டிக்தான். பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கட்டடம் அது. கூண்டு இல்லாவிட்டால் முன்வரிசைப் பெரியவர்களுக்குக் காது போய்விடும். பள்ளியில் படிக்கும்போதே நான் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். காதில் இயர்போன் இருக்கும். தாளம் தப்பாமலிருக்க ஓடும் ‘டிக் டிக்’ ஒலி, கீபோர்டு, பாட்டை நடத்தும் அக்காவின் குரல், இவ்வளவுதான் அதில் கேட்கும். சபை பாடுவதை நான் வாயசைவாகத்தான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

வார நாட்களில் சுபாங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் கிள்ளானில் கல்யாண விருந்துகளுக்கு வாசிப்பேன், எல்லாம் சினிமாப் பாட்டு. அந்தக் குழுவை நடத்துபவர் சாலாக் செலாத்தான் ஊர்க்காரர், கீபோர்டு வாசிப்பவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். முருக பக்தர். தைப்பூசத்துக்கு முன்னால் விரதம் இருக்கும் நாட்களில் விருந்தில் கொடுக்கும் பிரியாணியைத் தொடாமல் என் பக்கம் தள்ளிவிடுவார்.

எனக்குப் பெரிய மேடையில் வாசிக்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொல்வதுகூடக் குறைவு, வெறி. அதை ஜெபத்தில் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியாது. அம்மாவின் முழங்கால் வலி தீர வேண்டும் என்று கேட்கலாம். கார் பழுதாகாமல் இருக்கக்கூடக் கேட்கலாம். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் என்னை உட்கார வையும் என்று கேட்டால் அது ஜெபமா, பேராசையா? கேட்டுவிட்டு, ‘உமது சித்தம் ஆண்டவரே’ என்று அவசரமாக ஒட்டவைத்துவிடுவேன்.

ஒரு புதன்கிழமை அண்ணன் போன் செய்தார். சென்னையிலிருந்து ஒரு பெரிய பாடகர் வருகிறார், ஷா ஆலமில் நிகழ்ச்சி, அண்ணன்தான் கீபோர்டு, அவருடைய டிரம்மருக்குக் காய்ச்சல், வர முடியவில்லை.

“உன் பேரைத்தான் குடுத்திருக்கேன். சண்டே ஈவினிங் ஷோ. காலையில ரிஹர்சல்.” கொஞ்சம் நிறுத்தினார். “உனக்கு சர்ச் இருக்குன்னு எனக்குத் தெரியும்லா. யோசிச்சு சொல்லு.”

நான் யோசிக்கவில்லை. வரேன் அண்ணே என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன்.

பாட்டை நடத்தும் அக்காவிடம் சொல்லப் பயமாக இருந்தது. அவர் பல் கிளினிக்கில் வேலை செய்பவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். நான் சொன்னதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “போம்மா. நாங்க பாடிக்கிறோம். வாய் இருக்குல்ல எங்களுக்கு?” என்றார். அவ்வளவுதான்.

அம்மாவிடமும் அன்றே சொன்னேன். இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைக்கும்போது சொன்னார்.

“நீ கேட்டதத்தான் ஆண்டவர் குடுத்திருக்காரா, இல்ல உன்னைச் சோதிக்கிறாரா?”

“தெரியலம்மா.”

“எனக்கும் தெரியல,” என்றார் அம்மா. திட்டியிருந்தால் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை அம்மாவைச் சபையில் இறக்கிவிட்டு ஷா ஆலம் போவதாகத் திட்டம். இறக்கிவிட்டுச் சிக்னலில் நிற்கும்போது அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. “சவுண்ட் சாமான் லோரி ஜாம்ல மாட்டிக்கிச்சு. அவசரம் இல்ல, மெதுவா வா.” அப்போதுதான் பக்கத்து இருக்கையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி கிடப்பதைப் பார்த்தேன். அது இல்லாமல் அம்மாவால் வேதாகமம் வாசிக்க முடியாது. காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

ஆராதனை தொடங்கிவிட்டிருந்தது. பக்கவாட்டு நடையில் தண்ணீர் ஃபில்டர் இருக்கும் இடத்துக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது.

பாடிக்கொண்டிருந்தார்கள். வாரந்தோறும் நான் வாசிக்கும் பாட்டுத்தான். ஆனால் அது எனக்குத் தெரிந்த பாட்டாக இல்லை. கீபோர்டு எங்கோ அடியில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் மனிதக் குரல்கள் மட்டும். தாளம் வைக்க யாருமில்லை, யாரும் தவறவும் இல்லை. ஒரு வரி முடியும் இடத்தில் நான் எப்போதும் டிரம்ஸை உருட்டி நிரப்புவேன், அதுதான் என் கைவண்ணம் என்று எனக்குப் பெருமை. அந்த இடம் வந்தபோது அத்தனை பேரும் சேர்ந்து மூச்சு இழுத்தார்கள். அந்த மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. அங்கே ஒரு மூச்சு இருந்திருக்கிறது, நான் அங்கேதான் இத்தனை காலம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பின் வரிசையில் ஒரு அங்கிள் தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் கைதட்டிக்கொண்டிருந்தார். அதுகூட அழகாக இருந்தது.

பிறகு இன்னொரு குரல் பிரிந்து கேட்டது. எல்லோரும் மேலே ஏறும்போது அது மட்டும் ஏறாமல் கீழே தங்கி, அவர்களுக்குப் பொருந்தும்படி வேறு சுரத்தில் போனது. யார் இவ்வளவு நன்றாக இரண்டாம் குரல் பாடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். அம்மா. கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடி இல்லாமல், பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் பாடிக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மா பாடிக் கேட்டதே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே சபையில் இருக்கிறோம், நானோ இசையை வைத்துப் பிழைக்கிறவள். எனக்குத் தெரியாது.

பாட்டு முடியும்வரை நின்றேன். கண்ணாடியை வாசலில் நின்ற ஓர் ஆன்டியிடம் கொடுத்துவிட்டு ஷா ஆலம் போனேன். வழியில் கார் ரேடியோவைப் போடவில்லை.

அன்று மாலை அரங்கு நிறைந்திருந்தது. நான் நன்றாகவே வாசித்தேன், பொய்யடக்கம் வேண்டாம். எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு மெதுவான பாட்டின் நடுவில் பாடகர் பாடுவதை நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். ஒரு காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினேன். அந்தச் சத்தம் சுவர் மாதிரி வந்து என்மேல் விழுந்தது. பிள்ளையைத் தோளில் வைத்திருந்த அப்பாக்கள், வேலைச் சட்டையோடு வந்தவர்கள், எல்லோரும் பாடினார்கள். வரி முடியும் இடத்தில் அங்கேயும் அதே மூச்சு. நான் அடிக்காமல் விட்டேன்.

அண்ணன் கீபோர்டிலிருந்து திரும்பி முறைத்தார். முடிந்ததும் வந்தார்.

“ஏன் காதுல இருந்து எடுத்த? டெம்போ போயிருந்தா?”

“போகலையே அண்ணே.”

“போகல,” என்று ஒத்துக்கொண்டார். “அந்த இடத்துல விட்டியே, அது நல்லா இருந்துச்சு.”

காலையில் கேட்டதும் மாலையில் கேட்டதும் ஒன்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் எனக்குப் பயம் கலந்த மரியாதை வந்தது. ஒன்று ஆண்டவருக்குப் பாடிய பாட்டு, மற்றது காதலிக்குப் பாடியது. சுலபமாகப் பிரித்துவிடலாம்தான். கேட்டுக்கொண்டிருந்தபோது என்னால் பிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அழைப்புகள் வந்தன. பினாங்கு, ஜொகூர் என்று போனேன். சபையில் பாஸ்டரிடம் பேசி, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வாசிப்பதாக ஏற்பாடு. வாசிக்காத வாரத்தில் ஊரில் இருந்தால் அம்மா பக்கத்தில் உட்காருவேன். முதல் முறை உட்கார்ந்தபோது எனக்குப் பாட வரவில்லை. கை தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது.

“இரண்டாம் குரல் யாரும்மா சொல்லிக் குடுத்தா?” என்று காரில் கேட்டேன்.

“யாரு சொல்லிக் குடுப்பா? அந்த உயரம் எனக்கு எட்டல. கீழ போனேன், நல்லா இருந்துச்சு,” என்றார் அம்மா.

அந்தச் சென்னைப் பாடகர் மறுபடி வந்தார். இந்த முறை சிங்கப்பூரும் சேர்ந்த பயணம், ஈஸ்டர் வாரத்தில். அண்ணன் கேட்டபோது முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. “தைப்பூசத்தன்னைக்கு நான் வரமாட்டேன்னு சொல்ற மாதிரிதானே,” என்றார். எனக்குப் பதிலாகப் போன பையன் இப்போது அந்தப் பாடகருடைய நிரந்தர டிரம்மர். அவன் போடும் மேடைப் படங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மறைக்கவில்லை.

அந்த ஈஸ்டர் விடியலில் சபைக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். வெட்டவெளி, மைக் இல்லை, கூண்டும் இல்லை. கட்டடங்களுக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. அக்கா கையை உயர்த்தினார். எல்லோரும் மூச்சு இழுத்தார்கள், நானும் இழுத்தேன். முதல் வரியில் என் குரல் உடைந்தது. அம்மா என் பக்கம் திரும்பாமலே கொஞ்சம் சத்தமாகப் பாடினார், நான் அதைப் பிடித்துக்கொண்டு போனேன்.