யன்னலில் உட்கார்ந்த மத்தியானம்

எண்பதுகளின் நடுவில் வந்த அந்தத் தை மாதக் குளிரில், லா ஷப்பலில் நாங்கள் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் நாலாம் மாடி. சுவரோரம் ஒரு காஸ் ஹீட்டர். அதற்குப் பக்கத்தில், தரையோடு, உள்ளங்கை அகலத்தில் கம்பி போட்ட ஒரு துவாரம். அதன் வழியாகப் பாரிஸ் முழுவதும் உள்ளே வந்துகொண்டிருந்தது.

துவாரத்தை அடைக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தார். அறையில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அடைத்தவனும் நான்தான். வீட்டுக்காரர்கள் எழுதி ஒட்டுவதெல்லாம் குடியிருப்பவனை வதைக்கத்தான் என்பது என் அப்போதைய தத்துவம். சென்னையிலிருந்து வந்த பழைய வாரப் பத்திரிகைகளைச் சுருட்டித் திணித்தேன். அவ்வளவு இறுக்கமான தமிழ் உரைநடையை அதற்கு முன் நான் கண்டதில்லை.

இரண்டு நாளில் எல்லோருக்கும் தலையிடி. ஒபர்வில்லியேயில் பெட்டி இறக்கும் வேலை செய்த அண்ணை, அறை அவர் பெயரில் இருந்தபடியால், கருவாட்டைக் குற்றம் சொன்னார். தலையிடிக்குக் காரணம் அவருடைய ஓயாத பேச்சு என்று நான் சந்தேகித்தேன். ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிவிட்டு விடியப்புறம் வரும் தம்பி படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழும்புவான்.

ஞாயிறு மத்தியானம் பேக்கரியில் பாண் வாங்க இறங்கினேன். தெருவில் ஓடைத் தண்ணீர் கல்லாகிக் கிடந்தது. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் தலையிடி போய்விட்டது. மேலே வந்தேன், கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. வெங்காயம் வாங்கவேண்டுமென்று சாட்டுச் சொல்லி மறுபடி இறங்கினேன், போய்விட்டது. கொல்ல வேண்டிய குளிர் சுகப்படுத்துகிறது. காக்க வேண்டிய அறை தலையைப் பிளக்கிறது. இவ்வளவு புத்தகம் படித்தவனுக்கு இது விளங்க இரண்டு தடவை மாடி இறங்க வேண்டியிருந்தது.

இந்தத் தடவை ஓடி ஏறினேன். ஹீட்டரை நிறுத்தி, யன்னலை அகலத் திறந்தேன். தம்பியை உலுப்பினேன். மாவு மூட்டை மாதிரிக் கிடந்தான். பாயோடு இழுத்து யன்னலடியில் போட்டேன்.

அண்ணை போர்வையோடு எழும்பினார். "யன்னலைப் பூட்டு. உனக்கென்ன விசரே?"

"ஓட்டையை அடைச்சது நான் அண்ணை. அந்தக் காஸ் எங்களைக் கொல்லுது."

"குளிர்தான் கொல்லும். அறை என்ரை பேரிலை. பூட்டெண்டால் பூட்டு."

நான் யன்னல் விளிம்பில் ஏறித் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். "அப்ப என்னைக் கீழை தள்ளிப்போட்டுப் பூட்டுங்கோ."

அண்ணை யோசித்தார். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே யோசித்தார். பிறகு தம்பியின் கன்னத்தில் தட்டினார். அவன் அசையவில்லை. அண்ணையின் குரல் மாறியது.

"ஏன்ரா எழும்பிறானில்லை?"

"கீழை கபேயிலை போன் இருக்கு. பொம்பியேக்கு அடியுங்கோ."

சாரத்தோடும் செருப்போடும் அந்தக் குளிருக்குள் ஓடினார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் 'காஸ்' என்ற சொல் இருந்தது. தீயணைப்புக்காரருக்கு அது போதும்.

படிகளில் அவர்களுடைய பூட்ஸ் சத்தம் கேட்பதற்குள் தம்பி ஓங்காளித்து என் காலில் சத்தி எடுத்தான். ஒரு கண்ணைத் திறந்தான்.

"ஆரடா யன்னலைத் திறந்தது?"

"நான்தான்."

"குளிருது. பூட்டு."

"மாட்டன்" என்றேன். என் கோட்டைக் கழற்றி அவன் மேல் போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன்.