சாமி இறங்கிய தொட்டி

ஆராயிக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது என்று அவள் புருஷன் காத்தான் சொல்வான். அது சரியல்ல. சந்தேகம் அவளுக்கு ஒரு கல்யாண வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

அயோத்தியாப்பட்டணத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். அங்கே மணப்பெண்ணின் தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து, பையனை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். ஆராயி ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு பிள்ளையைக் கையிலுமாகக் கூட்டிப்போய், வயிறாரச் சாப்பிட வைத்துக் கூட்டிவந்தாள். அந்த மாதம் முடிவதற்குள் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் அவள் அந்த வீட்டு வாசலுக்கு நடந்தே போனாள். தெருமண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றி, "மறைச்சு வெச்சுக் கொன்னீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டாள். கதவுக்குப் பின்னால் அந்த வீட்டுக்காரி விசும்பியது கேட்டது. ஆராயிக்கு மனம் இளகவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. எந்த வீட்டிலிருந்தாவது இரண்டு நாள் தாளிக்கிற வாசம் வராவிட்டால் அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கமாட்டார்களே. அடுத்தவர் குழந்தையைக் கொஞ்சும் சாக்கில் அதன் கன்னத்தில் அம்மை முத்து தெரிகிறதா என்று தேடுவாள். மூன்றாவதாகப் பிறந்த சாலம்மாளைக் கோழி அடைகாப்பது போல் வளர்த்தாள். அம்மை குத்த வரும் சர்க்கார் ஆளைக்கூட அவள் விடவில்லை. ஊசியில் என்ன எழவை வைத்திருக்கிறானோ என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரும்புக்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளையும் அப்படித் துரத்திவிட்டாள், மகராசி.

யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு காத்தானுக்குச் சூரமங்கலம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே வந்தது. ஐப்பசி பிறந்ததும் ஆராயிக்கும் ஒரு வேலை வந்தது. அதைப்போல ஒரு வேலையை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

ரயில்வேயில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர் சண்முகவேல். பெண்டாட்டி இல்லை, பிள்ளை குட்டி இல்லை. ஸ்டேஷனுக்கு அப்பால் தனி பங்களா. அதன் பின்கட்டில் துரைமார் கிளப்பில் இருப்பதுபோல ஒரு நீச்சல் தொட்டி கட்டியிருந்தார். ஆள் மார்பளவு ஆழம், இறங்கப் படிகள். வெயில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளட்டும் என்று உட்புறம் முழுக்கத் தார் பூசியிருந்தது. சித்திரை வைகாசியில் அதற்கு யாரும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. சேலத்து வெயிலே பார்த்துக்கொள்ளும். மழைக்காலம் வந்து, சேர்வராயன் மலையிலிருந்து குளிர்காற்று இறங்க ஆரம்பித்தால்தான் தொட்டி சில்லிட்டுப் போகும். அதைக் குளிர்காலம் முழுக்க வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

ஆராயி கரும்பாலையில் வெல்லக் கொப்பரைக்குத் தீப் போட்டவள். தீ எகிறவும் கூடாது, தணியவும் கூடாது என்பது அவளுக்குக் கைப்பழக்கம். தொட்டிக்கு மேட்டுப் பக்கமாக அடுப்பு வெட்டி, அப்படியொரு கொப்பரையை ஏற்றி, கொதித்த தண்ணீர் இரும்புக் குழாய் வழியாகத் தொட்டியில் விழும்படி செய்திருந்தார் இஞ்சினியர். விடிந்ததும் அவள் தீ மூட்டுவாள். பிள்ளைக்குக் குளிப்பாட்டப் பதம் பார்ப்பது போல முழங்கையைத் தொட்டியில் விட்டுப் பார்ப்பாள். வெயில் ஏறியதும் தொட்டியை மூடிய பனையோலைத் தடுக்குகளை எடுக்க வேண்டும். வெயில் சாய்ந்ததும், சேர்ந்த சூடு காற்றோடு போகாமல் திரும்ப மூட வேண்டும். வாடைக்காற்றைத் தடுக்க வடபுறம் சோளத்தட்டில் ஆளுயரப் படல். சாலம்மாளைப் பக்கத்தில் வேட்டித் தூளியில் போட்டுவிட்டு இத்தனையும் செய்தாள்.

எல்லாம் சரி. ஆனால் அந்தத் தொட்டியில் யாருமே குளிக்கவில்லை.

கிழவர் இரண்டு வேளை வந்து கையை விட்டுப் பார்ப்பார். "நாளைக்கும் இதே சூடு இருக்கணும், ஆராயி" என்பார், போய்விடுவார். குளிக்காத தண்ணீரை எதற்கு ஒருத்தர் காய வைக்க வேண்டும்? அவளுக்கு உறக்கம் வரவில்லை. காத்தானிடம் சொன்னாள். "பணம் படைச்சவங்களுக்கு ஆயிரம் இருக்கும். உனக்கென்ன?" என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காய்ச்சிய தண்ணீரைத் தினம் இறைத்து ஊற்றிவிட முடியாது. அத்தனை விறகும் வீண். தேங்கிய வெந்நீரில் பாசி பிடிக்காமல் இருக்க, சமையல்காரர் வேலுமணி வேப்பிலைக் கொத்தையும் இடித்த மஞ்சளையும் கொண்டுவந்து போடுவார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், பரம சாது. அவர் சாதாரணமாகத்தான் போட்டார். ஆராயி குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தாள். வெயிலில் காய்ந்த தண்ணீர், வேப்பிலை, மஞ்சள். அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்கு ஊற்றுகிற தண்ணீர் அல்லவா இது?

கார்த்திகையில் ஒரு விடியற்காலை. பட்டணத்து ரயில் வந்துபோன சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் பங்களா முன்னால் ஜட்கா வந்து நின்றது. ஆராயி பின்கட்டில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வேலுமணி உள்ளே ஓடிவந்து எஜமானரிடம் சொன்னது சன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, சாமி எறங்கிருச்சுங்க. நாளைக்கே சாமிக்குத் தண்ணி ஊத்திரலாமுங்க."

கொங்குப் பக்கத்தில் குழந்தையைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஆராயிக்கும் தெரியும். ஆனால் குழந்தையே இல்லாத வீட்டில் எந்தச் சாமி இறங்கும்? மாரியாத்தாளைத் தவிர வேறு யார்?

மறுநாளிலிருந்து தொட்டியின் நாலு பக்கமும் படல் ஏறியது. தடுக்கை எடுத்ததும் ஆராயி அடுப்படிக்குப் போய்விட வேண்டும், இந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்று உத்தரவு. பங்களாச் சமையலறையிலிருந்து தாளிக்கிற வாசமும் நின்றுபோனது. அவள் வேலுமணியை மடக்கினாள்.

"உள்ள யாரு இருக்காங்க?"

"யாருமில்லீங்க அம்மிணி."

"யாருக்குப் பத்தியச் சாப்பாடு?"

"எனக்குத்தானுங்க. வயிறு செரியில்லீங்க" என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்தக் கல்யாண வீட்டின் அதே கதவு, அதே பொய் என்று ஆராயிக்குப் பட்டது. வேலையை விட்டுவிடலாம் என்று அன்றே நினைத்தாள். உறுதியாகத் தெரியாமல் விடவும் மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் சாலம்மாளைத் தூக்கியபோது பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது.

ஆராயி விளக்கை ஏற்றினாள். பிள்ளையை விளக்கடியில் பிடித்து நெற்றி, கன்னம், முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. முத்து பிறகுதானே வரும். எதிர்வீட்டு அங்கம்மாள் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டபோது, "அந்த பங்களாப் பக்கம் பிள்ளைகளை விடாத. ஆத்தா எறங்கியிருக்கா, மறைக்கிறாங்க" என்று வாயை விட்டுவிட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு நடந்தாள். அடுப்பை மூட்டவில்லை. அன்று அவள் தீப் போட வரவில்லை, கேட்க வந்திருந்தாள்.

படலுக்குப் பின்னால் தண்ணீர் சலசலத்தது. ஒரு சின்னக் குரல், "ஆறிப்போச்சு மாமா, காலை இழுக்குது" என்று அழுதது. ஆராயி படலைப் பிடுங்கித் தள்ளினாள்.

கழுத்தளவு தண்ணீரில் ஒன்பது பத்து வயதுப் பெண் பிள்ளை. அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தாங்கியபடி, வேட்டியோடு நின்றிருந்தார் இஞ்சினியர். பிள்ளையின் முகம் வெள்ளரிப்பிஞ்சு போல மழமழவென்று இருந்தது. ஒரு முத்து இல்லை, ஒரு வடு இல்லை. ஆனால் மஞ்சள் அடியில் தங்கித் தெளிந்த தண்ணீருக்குள் அந்தக் கால்கள் தெரிந்தன. இரண்டும் சூம்பி, சோளத்தட்டு போலத் துவண்டு மிதந்தன.

கிழவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கெஞ்சினார்.

"என் தங்கச்சி மக, உண்ணாமலை. காய்ச்சல் வந்து கால் போயிருச்சு. வெதுவெதுப்பான தண்ணில தினம் காலை ஆட்டினா கொஞ்சம் உசிர் வரும்னு பட்டணத்து டாக்டர் சொல்றார். ஒரு நாள்கூட விடக்கூடாதாம், பத்தியமும் இருக்கணுமாம். தண்ணி சூடு நிக்குமான்னு பாத்துட்டுத்தான் வரவழைச்சேன். இவ அக்காளுக்குத் தை மாசம் கல்யாணம். தங்கச்சிக்குக் கால் இப்படின்னு தெரிஞ்சா குடும்பத்துல கோளாறுன்னு நின்னுரும். வெளியில சொல்லிராத ஆராயி."

மறுபடியும் கல்யாணம், மறுபடியும் மறைப்பு. ஆராயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பிள்ளை குளிரில் பல் கிட்டித்துக்கொண்டு, "அடுப்பு மூட்டலையாக்கா?" என்று கேட்டபோது அவள் கண் ஆறிக்கிடந்த அடுப்பின் பக்கம் போனது.

அதற்குள் வாசலில் சத்தம். தெருவே திரண்டு வந்திருந்தது. ஆத்தா வந்த வீடு என்றால் சும்மா இருப்பார்களா? அங்கம்மாள் தலையில் கூழ்ப்பானை. மற்றவர்கள் கையில் வேப்பிலை, மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. கேட்டில் தோரணம் கட்டியாகிவிட்டது. உள்ளே வந்து ஆத்தாளைக் கும்பிட்டுக் கூழ் வார்த்துவிட்டுத்தான் போவோம் என்று வேலுமணியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர்களை இழுத்துவந்தது தன் வாய்தான் என்று ஆராயிக்குத் தெரிந்தது. பிள்ளையைத் தோளில் போட்டபடியே வாசலுக்குப் போனாள்.

"ஆத்தா உள்ளதான இருக்கா?" என்று அங்கம்மாள் கேட்டாள்.

இல்லை என்று சொன்னால் படலைப் பிரித்துப் பார்க்காமல் போகமாட்டார்கள். ஆராயிக்கு அது நன்றாகத் தெரியும். அவளே அப்படிப் பார்த்துவிட்டுத்தானே வந்தாள்.

"ஆத்தா மலையேறிட்டா. தண்ணி ஊத்தியாச்சு" என்றாள்.

"யாருக்குப் போட்டிருந்துச்சு? இந்த வீட்டுலதான் பிள்ளையே இல்லையே."

ஆராயி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செத்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

"எம் பொண்ணுக்குத்தான். லேசாத்தான் போட்டிருந்துச்சு. இங்கயே வெச்சுத் தண்ணி ஊத்தினேன்."

சொன்ன மறுகணம் தோளில் கிடந்த பிள்ளையின் சூடு அவள் கழுத்தைச் சுட்டது. ஆத்தா, நான் சொன்னதை நீ உண்மையாக்கிவிடாதே என்று மனசுக்குள் மன்றாடினாள்.

அங்கம்மாள் பானையை இறக்கி வைத்தாள். அவள் பிள்ளைகள் மூன்று பேரும் நேற்றுவரை சாலம்மாளோடு ஒரே தட்டில் தின்றவர்கள். அவள் மெல்லக் குனிந்தாள். தெருமண்ணை இரண்டு கையாலும் வாரினாள்.

"மறைச்சு வெச்சு எம் பிள்ளைகளோட விளையாட விட்டியே, நீ நல்லா இருப்பியாடி?"

மண் ஆராயியின் முகத்திலும் பிள்ளையின் தலையிலும் விழுந்தது. ஆராயி பிள்ளையின் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அன்று கதவுக்குப் பின்னால் விசும்பியவளின் முகத்தை இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் சாலம்மாளுக்குக் காய்ச்சல் விட்டது. கடைவாய்ப் பல் முளைக்கிற சூடு. தை மாதம் பட்டணத்தில் உண்ணாமலையின் அக்காளுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் சூரமங்கலத்தில் அந்தத் தெரு ஆராயியை மன்னிக்கவில்லை. அவள் குடத்தை வைத்தால் கிணற்றடியில் மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். சாலம்மாளைப் பார்க்கிற பெண்கள் கொஞ்சவில்லை. கன்னத்தில் தழும்பு தெரிகிறதா என்று தேடினார்கள். அந்தப் பார்வை ஆராயிக்குப் பழக்கமானதுதான். இத்தனை நாள் அது அவளுடைய பார்வையாக இருந்தது.

விளையாடச் சாலம்மாளுக்கு ஒருத்திதான் மிச்சம். அந்த மார்கழி முழுக்க உண்ணாமலை தண்ணீருக்குள் காலை ஆட்ட, சாலம்மாள் படியில் உட்கார்ந்து கைதட்டினாள். ஆராயி படலுக்கு இந்தப் பக்கம் கொப்பரைக்குத் தீப் போட்டாள். நடுவில் எழுந்து போய், தண்ணீரில் முழங்கையை விட்டுப் பதம் பார்த்துவிட்டு வருவாள்.