அடுத்த மாடலும் பாக்கியம் அக்காவும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஜொகூரின் உலு திராமில், தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம், நானும் என் அக்கா மகன் பிரவினும். அவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். விடியுமுன்னே பாலத்தைத் தாண்டிப் போய் சிங்கப்பூர் காசில் சம்பளம் வாங்குகிற ஆள். அப்பேர்ப்பட்டவன் ஏழு மாதமாக ஒரு கேமரா வாங்கப்போகிறான். கவனியுங்கள், வாங்கவில்லை, வாங்கப்போகிறான். குழந்தை பிறந்தது, அதைப் படமெடுக்கத்தான் கேமரா. அந்தக் குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, போன வாரம் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கவும் பார்த்தது. தகப்பன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறான்.

"இப்ப இருக்கிறதயே வாங்கலாம் மாமா. ஆனா இன்னும் மூணு மாசத்துல அடுத்த மாடல் வருதாம். அதுல முகத்தக் கண்டுபிடிக்கிறது இன்னும் நல்லா இருக்குமாம்."

"யாரு சொன்னா?"

"நெட்ல ஒருத்தன் போட்டிருக்கான் லா. ரூமர்தான். ஆனா அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ரொட்டி சானாயைக் குழம்பில் முக்கி ஊறப் போட்டுவிட்டேன். இந்த ஜாதியை எனக்கு நன்றாகத் தெரியும். வாட்ஸப்பில் குழு வைத்திருப்பார்கள். வராத கேமராவின் குறைகளைப் பற்றி இரவு பகலாகச் சண்டை போடுவார்கள். லென்ஸ் ஓரத்தில் ஒரு மயிரிழை மங்கலாம், அதற்கு இருநூறு செய்தி. இத்தனை பேரும் சேர்ந்து இந்த வருடம் எடுத்த படம் என்னவென்று கேட்டால், கேமராப் பெட்டியின் படத்தைக் காட்டுவார்கள். கைப்பேசியில் குழந்தையை எடுத்து வைக்கக் கூடாதா என்று கேட்டேன். அதெல்லாம் கணக்கில் சேராதாம். குழந்தைக்கு இந்தக் கணக்கு எப்போது தெரியப்போகிறதோ!

அவன் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தைக் கிழித்து, ஈரக் காகிதத்தை எடுத்துக் கைப்பேசித் திரையைத் துடைக்க ஆரம்பித்தான். அந்த ஸ்பிரிட் வாசம் மேசையைத் தாண்டி வந்து என் மூக்கில் ஏறியது. மூக்குக்கு வயது கிடையாது. ஒரே நொடியில் நான் இருபத்திரண்டு வயதுக்காரனாகி, தலையில் நீலத் தொப்பியோடு, கேமரா செய்கிற தொழிற்சாலையில் நின்றேன்.

நான் கேமரா செய்தவன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஜொகூர் பாருவுக்கு வெளியே இருந்தது அந்தத் தொழிற்சாலை. உள்ளே எப்போதும் ஏர்கண்டிஷன் குளிரும் லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட் வாசமும்தான். பணியை விட்டுப் பல வருடம் ஆன பின்பும் ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்கு ஓவர்டைம் ஞாபகம்தான் வரும். அங்கே மனிதனின் மதிப்பைத் தொப்பியின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். உட்கார்ந்து பாகங்களைப் பூட்டுகிற பெண்களுக்கு இளஞ்சிவப்பு, அவர்களை விரட்டுகிறவர்களுக்கு மஞ்சள், என்னைப்போன்ற டெக்னீஷியன்களுக்கு நீலம். பாலிடெக்னிக்கில் வாங்கிய ஒரு காகிதத்துக்காகக் கிடைத்த தொப்பி அது. நான் என்னவோ அதைக் கிரீடம் என்று நினைத்து நடந்தேன். கழிப்பறைக்குக்கூட அதைக் கழற்றாமல் போவேன்.

என் வேலை சோதனை அறையில். முடிந்த கேமராக்களில் சிலதை எடுத்து வந்து, படமெடுத்துப் பார்த்து, சரி, சரியில்லை என்று தாளில் குறிக்க வேண்டும். ஷிப்ட் முடியும்போது கார்டில் இருக்கிற படங்களையெல்லாம் அழித்துவிட வேண்டும். அறையிலிருந்து ஒரு படமும் வெளியே போகக் கூடாது, தொழிற்சாலைக்குள் சொந்தக் கேமரா கொண்டுவரவும் கூடாது. யோசித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கேமரா செய்த இடத்தில், அதைச் செய்தவர்களின் படம் ஒன்றுகூடக் கிடையாது.

அடுத்த மாடல் என்றால் என்ன என்று ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன், பிரவின் போன்றவர்களிடம் சொல்லிப் பயனில்லை. முன்மூடியின் நிறம் மாறும். சாம்பலாக இருந்தது சிவப்பாகும். மூன்று திருகு இருந்த இடத்தில் இரண்டு திருகு, மூன்றாவதற்குப் பதில் ஒரு சொட்டுப் பசை. உள்ளே அதே சர்க்யூட் பலகை, அதே கண்ணாடி. இதற்காக ஊர் உலகமெல்லாம் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான்.

பாக்கியம் அக்கா லென்ஸைச் சுற்றி வளையம் ஒட்டுகிறவர். செடெனாக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருவார். கணவர் எப்போதோ விட்டுப் போனவர், ஒரே மகள் தேவி. அக்கா நல்ல கறுப்பு. அந்த இளஞ்சிவப்புத் தொப்பியின் கீழே முகம் இன்னும் கறுப்பாகத் தெரியும். சிரித்தால் வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் என்ன என்று கேட்காமலே சிரிப்பார்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் தொழிலாளர்களுக்கென்று ஒரு விற்பனை நடக்கும். பெட்டி நசுங்கியது, மூடியில் கீறல் விழுந்தது என்று ஒதுக்கிய கேமராக்களைப் பாதி விலைக்குத் தருவார்கள். அக்கா விண்ணப்பப் பாரத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். தேவிக்கு கூச்சிங்கில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஜனவரியில் கிளம்ப வேண்டும்.

"நானும் அவளும் சேந்து நிக்கிற மாதிரி ஒரு படம் இல்ல தம்பி. யாரு வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நான் அடுப்படியில இருப்பேன், அவ மட்டும் படத்துல இருப்பா. ஸ்டூடியோவுக்குப் போனா அவன் பவுடர அப்பி சீனத்தி மாதிரி ஆக்கிடுறான். வீட்டு வாசல்ல, எங்க நிறத்தோட நிக்கணும். ஒரு நாளைக்கு எத்தன கேமராவுக்கு வளையம் ஒட்டுறேன், ஒண்ணு என் வீட்ல இருக்க வேணாமா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள் அக்கா என்று அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் சுற்றி நாலு இளஞ்சிவப்புத் தொப்பிகள் கேட்டுக்கொண்டிருந்தன. நீலத் தொப்பிக்குப் பேச்சு வந்துவிட்டது.

"அக்கா, இப்ப வாங்காதீங்க. புது மாடல் எங்க ரூம்ல டெஸ்டுக்கு வந்திருச்சு. அது தானாவே மூஞ்சியக் கண்டுபிடிக்கும், பச்சையா ஒரு கட்டம் போட்டுக் காட்டும். உங்க கையில குடுத்தாலே போதும். அடுத்த சேல்ல அதுதான் வரும். அவசரப்பட்டு பழசத் தூக்கிட்டுப் போகாதீங்க."

"அப்டியா தம்பி? நீங்க சொன்னா சரிதான்."

அக்கா பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், என்னை நீங்க என்றார். அதற்கும் அந்தத் தொப்பிதான் காரணம்.

முகம் கண்டுபிடிக்கிற விஷயம் நிஜமாகவே புதிதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். தலைமையகத்திலிருந்து அதைச் சோதிக்க ஒரு பிளாஸ்டிக் தலையை அனுப்பியிருந்தார்கள். கொழுக்கட்டை நிறத்தில் வழுவழுவென்று ஒரு தலை. எந்தக் கேமராவைக் காட்டினாலும் பச்சைச் சதுரம் டக்கென்று அதன்மேல் உட்காரும். பிறகு வந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் உயிருள்ள முகமும் வேண்டும் என்றார். உடனே மஞ்சள் தொப்பி ஓடிப்போய் ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு இந்தியர் என்று மூன்று பேரைக் கூட்டி வந்தார். நம் நாட்டில் விளம்பரத்திலிருந்து விசாரணைக் குழுவரை எதற்கும் மூவர் வேண்டுமல்லவா? இந்தியராக வந்தவர் பாக்கியம் அக்கா.

மலாய்க்காரப் பெண் சித்தி உட்கார்ந்தாள், சதுரம் வந்தது. சீனப் பெண் மெய் லிங் உட்கார்ந்தாள், சதுரம் வந்தது. அக்கா உட்கார்ந்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார், என்னைப் பார்த்தார். சதுரம் அங்குமிங்கும் தடுமாறிவிட்டு, அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த வட்டக் கடிகாரத்தில் போய் உட்கார்ந்தது.

வேறு கேமராவை எடுத்தேன். அதிலும் கடிகாரம்தான். அக்கா எட்டித் திரையைப் பார்த்தார்.

"அலமாக்! என் மூஞ்சிய விட மணி அழகா இருக்காம்!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பொறியாளருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அது அவருக்கு ஒரு பெருமை என்றுதான் இன்றைக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். மேசை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் முகத்துக்கு நேரே வைக்கச் சொன்னார். அக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூன்று நாள் ஷிப்டில் பாதி நேரம் அப்படியே அந்த நாற்காலியில் உட்கார வைத்து, விளக்கை நகர்த்தி நகர்த்தி, நூற்றுக்கணக்கில் எடுத்தோம். கடைசியில் வெளிச்சம் போதுமான அளவு இருந்தால் சரி என்று தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன், கீழே கையெழுத்தும் போட்டேன். பெரிய நியாயவான் மாதிரி இங்கே உட்கார்ந்து பிரவினை ஏசுகிறேனே, அந்தக் கையெழுத்து என்னுடையதுதான்.

மூன்றாம் நாள் எழுந்து போகுமுன் அக்கா கதவோரம் தயங்கி நின்றார்.

"தம்பி, இத்தன எடுத்தீங்களே, இதுல ஒண்ணு கழுவிக் குடுக்க முடியுமா? தேவிகிட்ட குடுத்து அனுப்புவேன். போற எடத்துல வச்சிக்கும்."

"ரூல்ஸ் அக்கா. ஒண்ணும் வெளிய போகக் கூடாது. புது மாடல் வரட்டும், நீங்களே வேணுங்கிற அளவு எடுத்துக்கலாம்."

ரூல்ஸ் என்ற சொல்லை எவ்வளவு சுகமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம்போல இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கார்டைச் சாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுபோனால் எந்தக் காவலாளியும் கண்டுபிடித்திருக்க மாட்டார். மற்றவர்கள் லென்ஸையே கொண்டுபோனார்கள்.

ஜனவரியில் தேவி போய்விட்டாள். அடுத்த விற்பனை வரவில்லை. அதற்குள் எங்கள் வரிசையையே சம்பளம் குறைந்த வேறொரு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள், அவ்வளவுதான். தொப்பிகளை ஒரு பெட்டியில் போடச் சொன்னார்கள். நீலமும் இளஞ்சிவப்பும் ஒன்றாய்க் கலந்து கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தேவி விடுமுறைக்கு வந்தபோது எங்காவது ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன், தேவியிடமே. இரண்டு தீபாவளி கழித்து அவள் என் வீட்டைத் தேடி வந்தாள். அக்காவுக்கு இனிப்புநீர் முற்றி, சிறுநீரகம் போய், மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்திருந்தது. ஐசி அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் கருமக்கிரியைக்கு வைத்ததாகச் சொன்னாள். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்ததாம்.

"ரெண்டு வாட்டி வந்தேண்ணே. ஒரு வாட்டி பக்கத்து வீட்ல கேமரா வாங்கி எடுக்கலாம்னேன். அம்மாதான் வேணான்னுட்டாங்க. 'கொஞ்சம் பொறு, தம்பி சொல்லியிருக்கு, நாங்க செஞ்ச புதுக் கேமரா வரும், அதுல எடுக்கலாம்'னாங்க."

அவளே தொடர்ந்தாள்.

"உங்க ரூம்ல அம்மாவ நூத்துக்கணக்குல எடுத்தீங்களாமே? எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. 'என்னைய உக்கார வச்சு எடுத்தாங்க, சினிமாக்காரி மாதிரி லைட்டெல்லாம் போட்டு'ன்னு. அதுல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு இருக்குமாண்ணே?"

"கம்பெனி எடுத்துட்டுப் போயிருச்சும்மா," என்றேன்.

மாமாக் கடையில் பிரவின் திரையைத் துடைத்து முடித்துவிட்டு, ஸ்பிரிட் காகிதத்தை உருட்டித் தே தாரிக் டீயின் தட்டில் போட்டான். "என்ன மாமா, வாங்கவா, இருக்கவா?" என்றான். இன்றைக்கே வாங்கித் தொலை என்றேன். ஏன் கோபப்படுகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. மூன்று மாதம்தானே மாமா என்று மறுபடியும் ஆரம்பித்தான்.

அந்தத் தொழிற்சாலைக் கட்டடம் இப்போது ஆன்லைனில் வாங்குகிற பொட்டலங்களை அடுக்குகிற கிடங்கு. நாங்கள் செய்த மாதிரிச் சின்னக் கேமராவை இப்போது யாரும் கையால் தொடுவதில்லை. அக்கா பஸ் ஏறிய முச்சந்தி இல்லை, அந்தத் தோட்டத்து லயமும் இல்லை. செடெனாக் பக்கம் செம்பனையை அழித்து ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்களாகக் கட்டியிருக்கிறார்கள், உள்ளே முழுக்கக் கம்ப்யூட்டர்களாம். உலகத்தில் கண்டவனும் எடுக்கிற படங்களை, தின்ற சோற்றின் படம் உட்பட, அழியாமல் அங்கே காப்பாற்றி வைக்கிறார்களாம்.

தேவியிடம் சொன்னது பொய். கம்பெனி எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஷிப்ட் முடிகிறபோது 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று திரை கேட்கும். மூன்று நாளும் கேட்டது, மூன்று நாளும் ஆம் என்று அமுக்கியவன் நான்தான். கடைசி நாள் படங்களில் ஒன்றில், பச்சைச் சதுரம் ஒருவழியாகத் தன் முகத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்து அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, விளக்கு வெளிச்சத்தில், தன் நிறத்தோடு. அந்தப் படத்தைப் பார்த்தது நான் ஒருவன் மட்டும்தான்.