கொடியில் ஒரு சட்டை

நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை அது. தங்கச்சிமடத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சனிக்கிழமைதோறும் அதைத் துவைத்து வாசல் கொடியில் காயப்போடுவார். போட்டுக்கொள்ளத்தான் வீட்டில் ஆள் இல்லை. கடலுக்குப் போன அவர் கணவர் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. படகும் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை.

எங்கள் தெருவைப் படிக்காத தெரு என்பார்கள். சுத்தப் பொய். யார் தலையில் பூ, யார் வீட்டில் என்ன குழம்பு வாசம் என்று ஓர் எழுத்து விடாமல் படிக்கும். அக்கா பளிச்சென்று உடுத்தினால் புருசனை மறந்தவள். வெளுத்த சேலை கட்டினால் அவனைச் சாகடித்தவள். இரண்டுக்கும் நடுவே அவருக்கு மிஞ்சியது அந்தச் சட்டைதான். அது கொடியில் ஆடும்வரை அவர் தாலியைப் பற்றி யாரும் பேச்செடுக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை கொடி வெறுமையாகக் கிடந்தது. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஏதோ தகவல் வந்துவிட்டது போல என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதிர்வீட்டில் சொன்னார். அரைமணி நேரத்தில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

அக்கா காய்ச்சலில் பாயில் சுருண்டு கிடந்தார். குளிருக்கு அந்தச் சட்டையைச் சேலைமேல் மாட்டியிருந்தார். தகவல் எதுவும் வரவில்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சட்டையோடு கிடந்த கோலமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. விழுந்த ஒப்பாரியை இல்லையென்று ஆக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. திங்கட்கிழமை மாதா கோயிலில் இறந்தவருக்கான பூசையும் நடந்துவிட்டது. தாலியைக் கழற்றும்போது அக்கா என்னைத் தேடிப் பார்த்தார். யார் முதலில் சொன்னது என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீயாச்சும் உள்ள வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல தாயி."

கேட்டிருக்கலாம். அந்த வெட்கம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

இப்போது ராமநாதபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். என் கணவர் துபாயில். ஒரு வருடமாகப் போனை எடுப்பதில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருப்பது எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. அவர் விட்டுப்போன வெள்ளைச் சட்டை ஒன்றைச் சனிக்கிழமைதோறும் துவைத்து மாடிக் கொடியில் போடுகிறேன். கீழ்வீட்டு அம்மா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி எப்பம்மா வாராரு?" என்பார். அடுத்த மாதம் என்பேன்.

இன்று சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து எனக்குக் காய்ச்சல். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியேறி, சட்டையைக் காயப்போட்டுவிட்டு வந்துதான் படுத்தேன்.